ஆளில்லாச் சிறு விமானத்தை எடையிலிருந்து தொடங்கி வடிவமைத்தல்

இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆளில்லாச் சிறு விமானம் செய்ய முற்படும் மாணவர்கள் பெரும்பாலும் கணினியில் உருவத்தை வரைவதில்தான் தொடங்குகிறார்கள். அதைத் தள்ளிவைத்து, விமானம் எதைச் சுமக்க வேண்டும், எவ்வளவு நேரம் பறக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவையுங்கள். 300 கிராம் கேமராவுடன் 25 நிமிடம் என்று கொள்வோம். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையுள்ளவை 'மைக்ரோ' வகையாகும். ஆகவே இறக்கையை 2 கிலோவுக்குக் கணக்கிட்டு, விமானத்தை 1.8 கிலோவுக்குள் கட்டத் திட்டமிடுங்கள். மீதி 200 கிராமைப் பசையும் மின்கம்பிகளும் விழுங்கிவிடும்.

இறக்கைப் பரப்பைத் தீர்மானிப்பது ஸ்டால் வேகம், அதாவது இறக்கையால் விமானத்தைத் தாங்க இயலும் மிகக் குறைந்த வேகம். கையால் எறிந்து ஏவுவதாயின் விநாடிக்கு 9 மீட்டரை இலக்காகக் கொள்ளலாம். நியூட்டனில் கணித்த எடையை இருமடங்காக்கி, காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், பெருமத் தூக்குவிசைக் குணகம் (இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதைக் காட்டும் எண்) ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்தால் பரப்பு கிடைக்கும். பாடநூலில் உள்ள, கன மீட்டருக்கு 1.225 கிலோ என்ற காற்றடர்த்தி 15 டிகிரி வெப்பநிலைக்குரியது; சென்னை வெயிலில் பறக்கப்போகும் விமானத்துக்கு 1.16 என்று கொள்வதே பொருத்தம். குணகம் 1.2 எனில் பரப்பு ஏறத்தாழ 0.35 சதுர மீட்டர். நீள அகல விகிதம் 7 எனில் இறக்கை நுனிக்கு நுனி 1.56 மீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதாக அமையும். இவ்வளவில் ரெனால்ட்ஸ் எண் (வேகம், இறக்கை அகலம், காற்றின் பிசுக்குமை ஆகியவற்றிலிருந்து கணிக்கப்படும், காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) ஒன்றரை லட்சத்தை ஒட்டியே இருப்பதால், பெரிய விமானங்களின் இறக்கைத் தரவுகளை அப்படியே எடுத்தாள்வது ஏமாற்றத்தில்தான் முடியும்.

விநாடிக்கு 13 மீட்டர் வேகத்தில், தூக்குவிசை, காற்று விமானத்தைப் பின்னிழுக்கும் விசையைப்போல் 8 மடங்கு எனில், பறக்கத் தேவை 32 வாட். மோட்டாரிலும் புரொப்பெல்லரிலும் பாதி வீணாகும் என்பதால் பேட்டரியிலிருந்து 64 வாட் எடுக்க வேண்டும். 11.1 வோல்ட், 4000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியில் 80 சதவீதத்தை மட்டும் பயன்படுத்தினாலும் அரைமணி நேரத்துக்கு மேல் பறக்கலாம். மேலேறுவதற்கான கூடுதல் செலவை அந்த மிச்சம் ஈடுகட்டும்.

ஒட்டும் ஒவ்வொரு பாகத்தையும் அன்றன்றே தராசில் நிறுத்துக் குறித்துவாருங்கள். ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்துக்குள் வர வேண்டும். வால்பக்கம் கனமாக இருந்தால் மூக்கில் ஈயம் சேர்க்காமல் பேட்டரியை முன்னே தள்ளுங்கள்.

ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலமாகக் காட்டப்படும் திடலைத் தேர்ந்து, ஏவுவதற்கு முன் விமானத்தின் பின்னால் நின்று, ரிமோட்டின் குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது எய்லரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) மேலெழுகிறதா என்று பாருங்கள்.