காலிபிளவர் பொத்தான் அளவில் நின்றுபோவது ஏன்?

திறந்தவெளியில் முதன்முறையாகக் காலிபிளவர் நடுபவர்களிடமிருந்து ஒவ்வொரு பருவத்திலும் ஒரே முறையீடு வருகிறது. சாண் உயரத்தில் செடி நின்றுவிட்டது, உச்சியில் எலுமிச்சை அளவுக்குப் பூ வந்துவிட்டது, இனி என்ன செய்வது? தண்ணீர் விட மறந்தது, நிழலில் நட்டது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யாரும் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் செடியின் போக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். காலிபிளவர் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இலைகளை உருவாக்கிய பிறகு, தன் ரகத்துக்கு ஏற்ற குளிர்ச்சி கிடைத்தால் நுனிமொட்டைப் பூவாக மாற்றிவிடும். அதன்பின் நுனியில் புதிய இலை தோன்றாது. ஏற்கெனவே தோன்றியவை விரியும், அவ்வளவுதான். அந்த இலைகள் தயாரிக்கும் உணவில்தான் பூ பருக்க வேண்டும். இலை பருவத்தில் வளர்ச்சி தடைபட்ட செடி, பின்னால் அதை ஈடுகட்டுவதே இல்லை. இதில் நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதிர்ந்த நாற்றை நடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நாற்று வாங்கப் போகிறவர்கள் இருப்பதிலேயே உயரமானதைத் தேடி எடுக்கிறார்கள். விற்பவரும் தேங்கிப்போன நாற்றுகளை "நன்றாக வளர்ந்தவை" என்று நீட்டுகிறார்.

நண்பர் ஒருவர் இப்படி வாங்கிவந்த குழித்தட்டிலிருந்து ஒரு நாற்றை உருவிக் காட்டச் சொன்னேன். வேர்கள் பழுப்பேறி, குழியின் வடிவிலேயே சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. தண்டு கெட்டிப்பட்டு, அடியிலைகள் மஞ்சளாகியிருந்தன. நடவேண்டாம் என்றேன், காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்று நட்டார். மிச்சம் இருந்த இடத்தில், தாமதமாக விதைத்த நான்கிலை நாற்றுகளையும் வைத்தார். சின்ன நாற்றுகள் வேர்பிடித்து அகலமாக இலைவிட்டன. பெரியவை அசையாமல் நின்று, சில வாரங்களில் பொத்தான் பூ வைத்தன. ஒரே பாத்தி, ஒரே எரு, ஒரே தண்ணீர்.

குறுகிய குழிக்குள் வேர் முடங்கித் தழைச்சத்தும் (நைட்ரஜன்) தீர்ந்துபோனால், இலை வளர்ச்சி நின்றாலும் நுனியின் வயது நிற்பதில்லை. நட்டபிறகு நல்ல மண் கிடைத்தாலும், பூவாக மாறும் முடிவு சில வேளைகளில் அதற்குள் எடுக்கப்பட்டிருக்கும். ஆகவே விதைத்து நான்கு, ஐந்து வாரங்களுக்குள், நான்கைந்து உண்மை இலைகளோடு (முதலில் வரும் விதையிலைகளைக் கணக்கில் சேர்க்காமல்) நட்டுவிடுங்கள். பாத்தி தயாராகத் தாமதமாகும் என்று தெரிந்தால் பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். அதுவும் முடியாதென்றால் புதிதாக விதையுங்கள். முதிர்ந்த நாற்றுக்கு ஒரு பருவத்தைப் பலிகொடுக்காதீர்கள். வாங்கும்போது உயரத்தைப் பார்க்காமல், தட்டிலிருந்து ஒன்றை உருவி வேரைப் பாருங்கள். வெள்ளை வேர்கள் மண்ணை லேசாகப் பிடித்திருந்தால் வாங்கலாம்.

பருவத்துக்குப் பொருந்தாத ரகம்

முன்பருவ ரகங்கள் வெப்பம் மிகுந்த நாட்களில் பூ கட்டுவதற்காக உருவாக்கப்பட்டவை. அவற்றைத் தாமதமாக, குளிரில் நட்டால் இலை சேருமுன்பே பூவுக்குப் போய்விடும். பின்பருவ ரகத்தை வெயிலில் நட்டாலோ இலை மட்டும் வந்துகொண்டே இருக்கும். விதைப் பொட்டலத்தில் ரகத்தின் பெயரைவிட விதைப்புக் காலத்தை முதலில் படியுங்கள்.

பூ வைத்தபின் உரம் கொட்டுவது

பயனில்லை. மேலுரத்தை, அதாவது வளரும் செடிக்கு இடும் உரத்தை, நட்ட மூன்று, நான்கு வாரங்களில் கொடுங்கள்.

எல்லாக் குறைக்கும் தழைச்சத்தே மருந்து என்பது

இலைப்பரப்பு சுருங்கி, நடுநரம்பு மட்டும் சாட்டைபோல் நீண்டால் அது மாலிப்டினம் என்ற நுண்சத்தின் குறை. அமில மண்ணில் அந்தச் சத்து இருந்தாலும் செடிக்கு எட்டாது. நடவுக்கு முன்பே சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைக்க வேண்டும். வேரில் கழலைபோல் வீக்கம் இருந்தால் அது வேர்முடிச்சு நோய். அந்தப் பாத்தியில் பல ஆண்டுகளுக்கு முட்டைக்கோஸ் குடும்பத்துப் பயிர் எதுவும் வேண்டாம்.

நெருக்கி நடுவது

செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர் விடுங்கள்.

பொத்தான் பூவைக் கிள்ளிவிட்டுக் காத்திருப்பது

கிள்ளினால் மீண்டும் பெரிய பூ வராது. சின்னதானாலும் அது உண்ணத் தகுந்ததே. பறித்துச் சமைத்துவிட்டு, செடியைப் பிடுங்கி அந்த இடத்தில் வேறு பயிர் வையுங்கள்.