எச்டிசிடி சின்னம் உள்ள சிடியை முழுத் தரத்தில் கேட்பது எப்படி?

பழைய ஆடியோ சிடி ஒன்றின் உறையில் எச்டிசிடி (HDCD) என்ற சின்னம் இருந்தால், அதைக் கணினியில் ஒருமுறை டீகோட் செய்து, அதாவது ஒளித்துவைத்த தகவலைப் பிரித்தெடுத்துக் கேளுங்கள். அமெரிக்காவின் பசிஃபிக் மைக்ரோசோனிக்ஸ் நிறுவனம் 1990களில் கொண்டுவந்த, சாதாரண சிடிக்குள்ளேயே கூடுதல் ஒலித் தகவலைப் பதியும் முறை இது. 2000ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ராக் பாடகர் நீல் யங், கிரேட்ஃபுல் டெட் ராக் குழு ஆகியோரின் பல சிடிகள் இப்படி வந்தவைதான். சின்னமே இல்லாத எச்டிசிடிகளும் உண்டு.

சாதாரண சிடியில் ஒவ்வொரு சாம்பிளும், அதாவது ஒலியைத் துண்டு துண்டாக அளந்த ஒவ்வொரு அளவும், 16 பிட். எச்டிசிடியில் அந்த 16ஆவது, அதாவது கடைசி பிட்டுக்குள் அவ்வப்போது சில குறிகளை ஒளித்து வைத்திருப்பார்கள். உச்ச ஒலிகளை எங்கே அமுக்கியிருக்கிறார்கள், மெல்லிய ஒலிகளை எவ்வளவு தூக்கியிருக்கிறார்கள் என்பதை டீகோடர் அவற்றிலிருந்து தெரிந்துகொள்ளும். அமுக்கிய உச்சங்களை 6 டெசிபல் வரை திரும்ப விரிக்கும். குறிகளைப் படிக்கத் தெரியாத பிளேயர், அமுக்கியதை அப்படியே வாசித்துவிடும்.

1. முதலில் சிடியை ரிப் செய்யுங்கள், அதாவது பாடல்களைக் கணினியில் கோப்புகளாக எடுங்கள். அதற்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருள் போதும். தரம் குறையாத வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் மட்டும் சேமியுங்கள். எம்பி3 வேண்டவே வேண்டாம். நார்மலைஸ் (ஒலியளவைத் தானாகச் சீராக்குவது), ஒலியளவு மாற்றம் எதையும் இந்தக் கட்டத்தில் தொடக்கூடாது. ஒரு பிட் மாறினாலும் குறி கெட்டுவிடும், அதற்குப் பிறகு எந்த டீகோடராலும் அதை மீட்க முடியாது. இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான்.

2. அடுத்து, விண்டோஸ் கணினியில் ஃபூபார்2000 பிளேயரை நிறுவுங்கள். அதற்கான எச்டிசிடி டீகோடர் கம்பொனன்டை (கூடுதல் இணைப்பு) தனியாக இறக்கிச் சேர்க்க வேண்டும். இரண்டும் இலவசம்.

3. ரிப் செய்த பாடலை அதில் ஓடவிடுங்கள். ஒலி சற்றுக் குறைந்து கேட்டால் பயப்பட வேண்டாம், உச்சங்கள் எழும்ப இடம் விடுவதற்காகத்தான் அது.

4. டீகோட் செய்ததை நிரந்தரமாக வைத்துக்கொள்ள, ஃபூபாரின் கன்வெர்ட்டரைத் திறந்து ஃபிளாக், 24 பிட் என்று தேர்ந்தெடுங்கள். டிடிஎஸ் (வேறொரு ஒலிக் குறியீட்டு முறை), எச்டிசிடி ஆகியவற்றுக்கான கூடுதல் டீகோடிங் அங்கே இயக்கத்தில் இருக்க வேண்டும். 16 பிட்டில் சேமித்தால் டீகோடர் கூடுதலாகத் தந்த பிட்கள் வெட்டுப்பட்டுப் போகும்.

சரி, உண்மையிலேயே பலன் கிடைத்ததா? உச்சத்தை விரிக்கும் வசதியைப் பயன்படுத்தாமலே எச்டிசிடி சின்னம் போட்ட சிடிகள் நிறைய உண்டு. அவற்றை டீகோட் செய்தாலும் பெரிய மாற்றம் தெரியாது. பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டையும் ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து, மெல்லிய பகுதிகளின் ஒலியளவைச் சமமாக்கிப் பாருங்கள். பிறகு டிரம்ஸ் அடி விழும் இடங்களை ஒப்பிடுங்கள். புதியதில் அந்த ஒலி அலையின் முனைகள் உயரமாக எழுந்திருந்தால் பலன் உண்டு. காதால் ஒப்பிடும்போதும் ஒலியளவு சமமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தம் கூடியதே நல்லது என்று காது சொல்லிவிடும்.

அப்புறம், முதலில் ரிப் செய்த 16 பிட் கோப்பை அழிக்காதீர்கள். ஒளித்த குறிகள் அதில்தான் இருக்கின்றன.