எலியின் கழுத்தில் குழாய் வைத்து மூச்சு கொடுப்பது எப்படி

பாளையங்கோட்டையில் ஆய்வக எலிகளோடு வேலை பார்க்கிறேன். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் கத்தி வைக்கிற இடத்தில்தான் பயம். ஆனால் நான் பார்த்தவரைக்கும் வெட்டினதால் செத்த எலி குறைவு, குழாய்க்குள் சளியோ ரத்தமோ அடைத்து, அதை யாரும் கவனிக்காமல் விட்டுச் செத்ததுதான் அதிகம். நான் இழந்த முதல் எலியும் அப்படித்தான் போனது. அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இல்லாமல் எதையும் தொடாதீர்கள். கீழே சொல்வது எலி மயக்கத்திலேயே உயிர்விடும் சோதனைக்கு, மருந்தளவெல்லாம் உங்கள் அனுமதியில் எழுதியிருக்கிறபடிதான்.

தும்முகிற, மூக்கைச் சுற்றிச் சிவந்த கறை இருக்கிற எலியை எடுக்காதீர்கள், அதன் நெஞ்சில் ஏற்கெனவே சளி இருக்கலாம். எலிக்கு வாந்தி வராது என்பதால் பட்டினி போட வேண்டியதில்லை. அன்றைக்கே எடை பாருங்கள். மயக்கத்துக்கு வழக்கமாக எடையில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் கேட்டமின், 10 மில்லிகிராம் சைலசின், வயிற்றுக்குள் ஊசி. கேட்டமின் எச்சிலைக் கூட்டும், அதற்குத்தான் முன்கூட்டியே எச்சிலைக் குறைக்கிற அட்ரோபின். பின்னங்கால் விரலிடுக்கை அழுத்திக் கிள்ளினால் காலை இழுக்கக் கூடாது, இழுத்தால் காத்திருங்கள். அப்புறம் கண்ணுக்குக் களிம்பு, அடியில் சூட்டுமெத்தை. அக்னி நட்சத்திரத்தில் நம் ஊரில் எதற்குச் சூட்டுமெத்தை என்று கேட்பார்கள். ஏசி அறையில் மயங்கிக் கிடக்கிற எலியின் உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும், ஆசனவாய் வெப்பமானி 37 டிகிரி காட்ட வேண்டும்.

குழாயை முதலிலேயே செய்து வைத்துக்கொள்ளுங்கள். 250, 300 கிராம் எலிக்கு 14 அல்லது 16 கேஜ் (தடிமன் அளவு) ஐவி கேனுலா, அதாவது குளுக்கோஸ் ஏற்றுவதற்குக் கையில் குத்துகிற பிளாஸ்டிக் குழாய், சரியாக இருக்கும், ஹைகிரவுண்ட் பக்கம் மருந்துக்கடையிலேயே வாங்கலாம். ஊசியை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்கை இரண்டு சென்டிமீட்டருக்கு நறுக்கி, நுனியைச் சாய்வாக வெட்டி, பிசிறில்லாமல் தேய்த்து வையுங்கள்.

எலியை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்து முடியை மழித்து, ஈரப்பஞ்சால் துடைத்து எடுங்கள், ஒரு முடிகூட உள்ளே போகக் கூடாது. நடுக்கோட்டில் இரண்டு சென்டிமீட்டர் தோலைத் திறந்தால் உமிழ்நீர்ச் சுரப்பி தெரியும், அதை வெட்டாமல் இரண்டு பக்கமும் விலக்குங்கள். அடியில் இருக்கிற மெல்லிய தசையையும் நடுவில் மழுங்கிய இடுக்கியால் பிரித்தால் போதும், வெள்ளை வளையங்களோடு மூச்சுக்குழல் வந்துவிடும். பக்கவாட்டில் தோண்டாதீர்கள், அங்கேதான் தலைக்கு ரத்தம் கொண்டுபோகிற கரோட்டிட் தமனியும், இதயத்துக்குப் போகிற வேகஸ் நரம்பும் ஓடுகின்றன. குழலுக்கு அடியில் சில்க் நூலை விட்டு லேசாகத் தூக்கி, இரண்டு வளையங்களுக்கு நடுவில் பாதிச் சுற்றளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முழுசாக அறுந்தால் கீழ்த்துண்டு நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். வெட்டிய உடனே பஞ்சுமுனையால் ரத்தத்தை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் கேனுலாவை விட வேண்டும். உள்ளே ஒரு சென்டிமீட்டருக்குள் போதும், ஆழமாகப் போனால் ஒரு பக்க நுரையீரலுக்கு மட்டுமே காற்று போகும். நூலால் கட்டிவிடுங்கள்.

அடுத்து கேனுலாவை வென்டிலேட்டரில், அதாவது மூச்சு கொடுக்கிற இயந்திரத்தில், மாட்டுங்கள். ஒரு மூச்சுக்கு எடையில் கிலோவுக்கு 8 மில்லி காற்று என்றால் 300 கிராம் எலிக்கு ஒரு மூச்சு 2.4 மில்லிதான். நிமிடத்துக்கு 70, 80 மூச்சு வைத்து ஆரம்பியுங்கள். இவ்வளவு சின்ன மூச்சில் இணைப்புக் குழாயின் நீளம் பெரிய விஷயம். காற்று உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் சேருகிற ஒய் (Y) இணைப்புக்கும் கேனுலாவுக்கும் நடுவில் 3 மில்லிமீட்டர் துளையுள்ள குழாயைப் பத்து சென்டிமீட்டருக்கு விட்டால் அதிலேயே 0.7 மில்லி தங்கிவிடும், எலி தான் விட்ட காற்றையே திரும்ப இழுக்கும். முடிந்தவரை ஒட்ட வெட்டுங்கள். நுரையீரல் சுருங்கிவிடாமல் இருக்க, மூச்சு வெளியேறும் குழாயின் நுனியைத் தண்ணீரில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு முக்கி வைத்தால் போதும்.

இனிமேல் உங்கள் கண் எலியின் நெஞ்சில்தான் இருக்க வேண்டும், இயந்திரத்தின் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா, பாதம் இளஞ்சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். காற்றழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போனாலோ, 'களகள' என்று சத்தம் வந்தாலோ அது சளிதான். வென்டிலேட்டரைக் கழற்றி, மெல்லிய பாலிதீன் குழாயை ஊசிக்குழலில் மாட்டி உள்ளே விட்டு இரண்டு மூன்று நொடிக்குள் உறிஞ்சி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள். சத்தம் வரும்வரை காத்திருக்காமல் இடையிடையே நீங்களாகவே பார்த்துக்கொள்வது நல்லது.

சில சோதனைகளில் உடம்பு அசையாமல் இருக்கத் தசைத் தளர்வு மருந்தும் கொடுப்பார்கள். அது கொடுத்த எலியால் காலை இழுக்க முடியாது, வலித்தாலும் நமக்குத் தெரியாது. மயக்கம் ஆழமாக நிற்கிறது என்று முன்பே உறுதிசெய்யாமல் அதைக் கொடுக்கவே கூடாது. யுபிஎஸ் இல்லாத அறையிலும் வேண்டாம். கரண்ட் போனால், அந்த மருந்து வாங்காத எலியை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டால் பெரும்பாலும் கேனுலா வழியாகத் தானே மூச்சு விடும், வாங்கிய எலியால் அது முடியாது.

வேலை முடிந்ததும் மயக்கம் தெளியவிடாமல் மயக்கமருந்தையே கூடுதலாகக் கொடுங்கள். இதயம் நின்றதைக் கைவைத்துப் பார்த்த பிறகு வென்டிலேட்டரை அணையுங்கள்.