ஒரு பாப் பாடலைப் பகுத்துக் கேட்கும் முறை: ‘பில்லி ஜீன்’ வழியாக

ஒரு பாடலை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் வரிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். பாப் இசைக்கு அந்த வரிசை பொருந்தாது என்றே நான் கருதுகிறேன்; தாளத்தையும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரையும் முதலில் பிடித்துக்கொண்டு, குரலுக்குக் கடைசியில் வருவதே நல்லது. மைக்கேல் ஜாக்சன் எழுதிப் பாடி, 1982-இல் ‘த்ரில்லர்’ தொகுப்பில் வெளிவந்த ‘பில்லி ஜீன்’ பாடலை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். குரல் நுழைவதற்கு முன் ஏறத்தாழ அரை நிமிடம் கருவிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்வதால், அடுக்குகளைப் பிரித்துக் கேட்கப் பழகுவதற்கு இதைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது.

முதல் முறை கேட்கும்போது டிரம்ஸை மட்டும் கவனியுங்கள். 15 விநாடிகளில் எத்தனை முறை கால் தட்டுகிறீர்கள் என்று எண்ணி நான்கால் பெருக்கினால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 117 என்ற வேகத்தை நெருங்கிவிடுவீர்கள். ஒன்றாம், மூன்றாம் தட்டுகளில் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), இரண்டாம், நான்காம் தட்டுகளில் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்), அவற்றின் மேல் சீராக ஓடும் ஹை-ஹாட் (இணைத் தாளத் தட்டு). லியோன் சான்ஸ்லர் வாசித்திருப்பது இவ்வளவுதான். இந்த எளிமை வேண்டுமென்றே செய்யப்பட்டது.

இரண்டாம் முறை பேஸைப் பின்தொடருங்கள். லூயிஸ் ஜான்சன் திரும்பத் திரும்ப வாசிக்கும் அந்தச் சுர வட்டத்தை வாயால் முணுமுணுத்துப் பார்த்துச் சுரமாக எழுதினால் ‘ச ப நி ச நி ப ம ப’ என்று வரும். முதல் சட்ஜமத்திலிருந்து கீழே இறங்கித் திரியும் எட்டுச் சுரங்கள் இவை. மேற்கத்திய இசையில் ஒரு பாடல் மைனர் வகையா மேஜர் வகையா என்பதைக் காட்டுவது காந்தாரம்தான்; இந்த வட்டத்தில் அதுவே இல்லை. ஆகவே பேஸை மட்டும் வைத்து இது மைனரா மேஜரா என்று சொல்லிவிட முடியாது. அதன் மேல் சின்தசைசர் கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரத் தொகுதிகள்) வந்த பிறகுதான் மைனர் என்பது உறுதியாகிறது.

மூன்றாம் முறை கேட்கையில் கார்டுகளுக்கே முழுக் கவனத்தையும் கொடுக்க வேண்டும், ஏனெனில் பாடலின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. மேற்கத்திய இசையின் எஃப் ஷார்ப் சுரத்தைச் சட்ஜமமாகக் கொண்டால், தொடக்கக் கார்டுகளில் சதுச்ருதி தைவதம் (‘த’வின் உயர்ந்த வடிவம்) ஒலிக்கிறது. கர்நாடக இசை அறிந்தவர்களுக்குக் கரகரப்ரியா ராகத்தின் சுரங்கள் நினைவுக்கு வரும். ஆனால் பல்லவிக்குச் சற்று முன்பு வரும் பகுதியில் டி மேஜர் கார்டு நுழைந்து, தைவதத்தை அதன் தாழ்ந்த வடிவமான சுத்த தைவதமாக இறக்கிவிடுகிறது. பேஸும் தன் வட்டத்தை விட்டு விலகுகிறது. அப்பகுதியின் முடிவில் வரும் சி ஷார்ப் கார்டு ‘நி’யின் உயர்ந்த வடிவமான காகலி நிஷாதத்தைக் கொண்டுவந்து சட்ஜமத்துக்காக ஏங்க வைக்கிறது. பழைய வட்டம் பல்லவியில் திரும்பும்போது நமக்கு உண்டாகும் நிம்மதிக்குக் காரணம் முக்கியமாக அந்தத் தைவத மாற்றம்தான் என்பேன். ஹார்மோனியம் இருந்தால் இரண்டு தைவதங்களையும் மாறி மாறி அழுத்திப் பாருங்கள்.

அடுத்து, பாடலின் வடிவத்தை, அதாவது சரணமும் பல்லவியும் வரும் வரிசையை, நிமிடக் கணக்கோடு ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். அதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை.

இறுதியாகக் குரல். சரணத்தில் அடங்கிய மூச்சோடு, சொற்களுக்கு இடையே விக்கலைப் போன்ற சிறு வெட்டுகளோடு பாடுகிறார். பல்லவியில் அடுக்குக் குரல்கள் சேர்கின்றன. ஒரு குழந்தைக்குத் தான் தந்தை அல்லன் என்று மறுப்பவனின் கூற்றாக வரிகள் அமைந்திருப்பதை இப்போது சேர்த்துப் பாருங்கள். அவன் மறுத்துக்கொண்டே இருக்க, பேஸ் அதே எட்டுச் சுரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல, முடிவுக் கார்டு எதுவும் இன்றி ஒலி மெல்லத் தேய்ந்து மறைகிறது.