டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லையா? பாஸ்வேர்டில் கை வைக்காதீர்கள்

இணைப்பு கிடைக்காதபோது பலரும் செய்யும் முதல் தவறு, எரர் மெசேஜைப் பாதி படித்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுவது. நம் கோரிக்கை எதுவரை போய் நின்றது என்பதை அந்த ஒரு வரிதான் சொல்லும்.

‘டைம்டு அவுட்’ என்று வந்தால், பெரும்பாலும் வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் பாக்கெட்டைத் தடுத்திருக்கிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் கட்டமே இன்னும் வரவில்லை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வீட்டிலிருந்தபடி மும்பை கிளவுட் சர்வரில் வேலை செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போய் வந்து ரவுட்டர் மறுபடி எழும்போது பிராட்பேண்ட் ஐபி மாறியிருக்கலாம். செக்யூரிட்டி குரூப்பில், அதாவது கிளவுட் சர்வருக்குள் யாரை விடலாம் என்ற பட்டியலில், இருப்பது பழைய ஐபி. புதியதைச் சேர்த்துப் பழையதை நீக்குங்கள். அவசரத்துக்கு 0.0.0.0/0 என்று ஊருக்கே திறந்துவிடுவது பெரிய ஆபத்து. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 3306, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் 5432 ஆகிய போர்ட்டுகளைத் தேடி இணையத்தில் ஸ்கேனர்கள் ஓயாமல் சுற்றுகின்றன. ஐபி அடிக்கடி மாறினால் விபிஎன்தான் சரி.

பிங் செய்து பார்த்து முடிவுக்கு வருவதும் தவறு. பிங் போனாலும் போர்ட் மூடியிருக்கலாம்; பிங் போகாமலே போர்ட் திறந்திருக்கலாம். டெல்நெட்டில் சர்வர் பெயரையும் போர்ட் எண்ணையும் கொடுத்துப் பாருங்கள்.

‘ரெஃப்யூஸ்டு’ என்றால் பெரும்பாலும் சர்வர் வரை போயாயிற்று, அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. சர்வீஸ் நின்றிருக்கும், அல்லது 127.0.0.1இல், அதாவது அதே கணினிக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். போஸ்ட்கிரெஸில் லிசன் அட்ரஸின் டீஃபால்ட் லோக்கல்ஹோஸ்ட்தான். அதை மாற்றினால் ரீலோடு போதாது, ரீஸ்டார்ட் வேண்டும். யார் எங்கிருந்து நுழையலாம் என்று சொல்லும் பிஜி எச்பிஏ கோப்புக்கு ரீலோடே போதும். ஆனால் அதில் பொருந்தும் முதல் வரிதான் செல்லும். மேலே ஒரு ரிஜெக்ட் வரி பொருந்திவிட்டால், கடைசியில் சேர்த்த உங்கள் வரியை அது பார்க்கவே பார்க்காது.

மைஎஸ்கியூஎல்லில் யூசர் என்பது பெயரும் ஹோஸ்ட்டும் சேர்ந்தது. ஒரே பெயர் லோக்கல்ஹோஸ்ட்டோடு ஒரு கணக்கு, எந்த ஹோஸ்ட்டையும் குறிக்கும் சதவீதக் குறியோடு வேறொரு கணக்கு. பாஸ்வேர்டும் வேறாக இருக்கலாம். எரர் எண் 1130 வந்தால் உங்கள் ஹோஸ்ட்டுக்கு அனுமதியே இல்லை. 1045 வந்தால்தான் யூசரையும் பாஸ்வேர்டையும் பார்க்க வேண்டும். லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் கிளையன்ட் நெட்வொர்க்கைத் தொடாமல் சாக்கெட் கோப்பு வழியாகப் போகும். டிசிபியைச் சோதிக்க 127.0.0.1 என்று கொடுங்கள்.

1040, அதாவது ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ வந்ததும் வரம்பை 1000 ஆக்குபவர்கள் உண்டு. டீஃபால்ட் வரம்பு மைஎஸ்கியூஎல்லில் 151, போஸ்ட்கிரெஸில் 100. 4 ஆப் சர்வர், ஒவ்வொன்றிலும் பூல் அளவு, அதாவது திறந்து வைத்திருக்கும் இணைப்புகள், 40 என்றால் மொத்தம் 160; இரண்டிலுமே இடிக்கும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனி பிராசஸ் என்பதால் வரம்பை ஏற்ற ஏற்ற மெமரி கரையும். முதலில் பூலைக் குறையுங்கள். வேலையின்றி ‘ஐடில்’ நிலையில் இணைப்புகள் குவிந்துகொண்டே போனால், கோடில் எங்கோ கனெக்‌ஷனை மூடாமல் விட்டிருக்கிறீர்கள். எரர் வந்து நடுவில் வெளியேறும் இடங்களில் முதலில் தேடுங்கள்.