பழைய ஒமேகா வாட்ச் ஒன்று கண்ணில் பட்டால்: வாங்கலாமா, வேண்டாமா?

போன மாதம் என் அத்தை மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். வெள்ளி நிற டயல், ஆறு மணிக்கு மேலே ஒரு குட்டி நட்சத்திரம். ஒமேகா கான்ஸ்டலேஷன். "மச்சான், 78,000 சொல்றான். நாளைக்குள்ள பணம் போடணுமாம். வாங்கவா?"

இருந்தது ஒரே ஒரு படம், அதுவும் முகத்துக்கு நேரே எடுத்தது. "பணம் போடாதே, மத்ததை அப்புறம் பேசலாம்" என்றேன். அந்த "மத்தது"தான் இந்தப் பதிவு. முதல்முறையாகப் பழைய வாட்ச் வாங்க நினைப்பவர்களுக்கு எழுதுகிறேன். உதாரணத்துக்கு அந்தக் கான்ஸ்டலேஷனையே வைத்துக்கொள்வோம், 1960-களில் வந்த 168.005 மாடல். ஒரு மாடலை நன்றாகப் பார்க்கப் பழகிவிட்டால், மற்றவற்றிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 1: கடைக்குப் போகும் முன் ஒரு காகிதம் வெட்டுங்கள்

சிரிக்காதீர்கள். 35 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வட்டம் வெட்டி மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஆண்கள் வாட்ச் பெரும்பாலும் அந்த அளவுதான். இன்றைய 42 மில்லிமீட்டருக்குப் பழகிய கைக்கு அது பெண்கள் வாட்ச் போலத் தெரியலாம். பிடிக்கவில்லை என்றால் பணமும் நேரமும் இங்கேயே மிச்சம்.

அடுத்து, எதற்கு வாங்குகிறீர்கள்? தினமும் கட்ட, வண்டி ஓட்ட, மழையில் நனைய என்றால் பழைய வாட்ச் வேண்டாம். பின்மூடியில் தண்ணீர் புகாது என்று எழுதியிருக்கும். அறுபது வருடம் கழித்து அதை நம்பி கைகூடக் கழுவாதீர்கள். முதலீடு என்றால் இன்னும் வேண்டாம். நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலக்ஸ் டேடோனா 2017-ல் நியூயார்க் ஏலத்தில் 1.77 கோடி டாலருக்கு மேல் போனது உண்மை. அந்தக் கதையைச் சொல்லி உங்களுக்கு ஒரு பழைய வாட்சை விற்பவரும் உண்டு.

படி 2: ஆறு படம் கேளுங்கள்

டயல் நேராக, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காமல். டயல் சாய்வாக. இரண்டு பக்கவாட்டுகள். பின்மூடி வெளிப்புறம். மூடியைத் திறந்து உள்பக்கமும் மெஷினும் ஒரே படத்தில். "திறக்கிற சாவி இல்லை சார்" என்று பதில் வந்தால், எந்த வாட்ச் ரிப்பேர் கடையிலும் இரண்டு நிமிடத்தில் திறந்து கொடுப்பார்கள் என்று சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த வாட்ச் உங்களுடையது இல்லை. "நாளைக்குள்" என்று அவசரப்படுத்தினாலும் அதே முடிவுதான்.

படி 3: டயல்

பாதி நேரத்தை இதற்கே கொடுங்கள். ஓடாத மெஷினை ஓட வைக்கலாம், கண்ணாடி மாற்றலாம், பட்டை மாற்றலாம். ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடித்த டயல் பழையபடி வரவே வராது. பழைய வாட்சின் விலையில் பெரும்பகுதி அதன் முகத்துக்குத்தான்.

இது எனக்குக் காசு கொடுத்துக் கிடைத்த பாடம். நான் முதலில் வாங்கியது ஒமேகாவின் இன்னொரு வரிசையான சீமாஸ்டரில், கறுப்பு டயல் வைத்த ஒன்று. புதுசு மாதிரி மின்னியது, அதில்தான் விழுந்தேன். சர்வீஸுக்குக் கொடுத்தபோது அந்தப் பெரியவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பத்து நொடி பார்த்தார். "தம்பி, இது டயல் அடிச்சது. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல கோடு எண்ணுங்க." எண்ணினேன். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. அன்றிலிருந்து எந்த வாட்ச் கையில் வந்தாலும் முதலில் கோடுகளைத்தான் எண்ணுகிறேன்.

கான்ஸ்டலேஷனில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. 168.005-ல் பெரும்பாலும் வரும் டயல் தட்டையானது அல்ல. நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்தும் இருக்கும். பை சுடும் தட்டைக் கவிழ்த்து வைத்தது போல இருப்பதால் சேகரிப்பாளர்கள் அதை 'பை-பான்' என்பார்கள். ஒவ்வொரு பட்டையும் அடுத்ததைச் சந்திக்கும் விளிம்பு கத்திமுனை போல இருக்க வேண்டும். மேலே பெயின்ட் ஏறியிருந்தால் அந்த விளிம்பு மழுங்கிவிடும். சாய்வாக எடுத்த படம் கேட்டது இதற்காகத்தான். எழுத்துகள் மெல்லியதாக, ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்ற அச்சு இருக்கிறதா? நட்சத்திரம் தனியாகப் பதித்த உலோகமா, வெறும் அச்சா?

லேசான பழுப்பு, ஓரத்தில் சில புள்ளிகள் எல்லாம் எனக்குச் சம்மதம். வயதான டயலுக்கு அவை அழகுகூட. அறுபது வயது வாட்ச் நேற்று வாங்கியது போல மின்னினால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

படி 4: விளக்கை அணைத்துப் பாருங்கள்

முள்ளிலும் டயலிலும் ஒளிரும் பூச்சு இருந்தால் இந்தச் சோதனை. ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்ற சொல்லை ஒட்டி ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் அந்தப் பூச்சு டிரிடியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறையும் காலம், 12.3 வருடம்தான். அதனால் 1960-களின் பூச்சு இன்று கிட்டத்தட்டச் செத்திருக்க வேண்டும். போன் டார்ச்சை அரை நிமிடம் அடித்துவிட்டு அறையை இருட்டாக்குங்கள். நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். முள்ளில் மட்டும் பூச்சு இருந்து டயலில் எங்கும் இல்லை என்றால் முள் வேறு வாட்சிலிருந்து வந்தது.

1960-களின் தொடக்கம் வரை பல வாட்சுகளில் ரேடியம் என்ற இன்னொரு கதிரியக்கப் பொருளைப் பூசினார்கள். அது ஒளிராமல் போயிருந்தாலும் கதிர்வீச்சு போகவில்லை, அரை ஆயுள் சுமார் 1,600 வருடம். அப்படிப்பட்ட வாட்சை வீட்டில் திறந்து நோண்ட வேண்டாம்.

படி 5: கேஸ் (வெளிக்கூடு)

பட்டை மாட்டும் நான்கு காதுகளைப் பாருங்கள். இந்த மாடலில் அவை நாயின் பின்னங்கால் போல மடிந்து, முனைகள் கூர்மையாக இருக்கும். பாலிஷ் சக்கரத்தில் பலமுறை காட்டிய கேஸில் காதுகள் நக்கித் தேய்த்த மிட்டாய் போல உருண்டுவிடும். பாலிஷ் போட்டால் பளபளப்பு வரும், போன உலோகம் வராது. தங்கத் தகடு போர்த்திய கேஸ் என்றால் காதின் ஓரங்களில் அடியிலுள்ள உலோகம் வெளியே தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்மூடியில் ஒரு வானியல் ஆய்வுக்கூடமும் அதன் மேல் எட்டு நட்சத்திரங்களும் பொறித்திருக்க வேண்டும். எண்ணுங்கள். கண்ணாடி அசல் ஒமேகா பிளாஸ்டிக் என்றால் சரியாக நடுவில் ஊசிமுனை அளவு ஒமேகா சின்னம் இருக்கும். லென்ஸ் இல்லாமல் தெரியாது. அது இல்லையென்றால் விட்டுவிட வேண்டியதில்லை, கண்ணாடி மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 6: உள்ளே

மூடியின் உள்பக்கத்தில் மாடல் எண் இருக்கும். 1960-களின் தொடக்கத்தில் ஒமேகா கொண்டுவந்த முறையில் முதல் மூன்று இலக்கங்கள் கதை சொல்லும்: 1 என்றால் ஆண்கள் வாட்ச், 6 என்றால் ஆட்டோமேட்டிக் (கை அசைவிலேயே சாவி ஏறும்), கடைசி 8 என்றால் தேதியுடன் கூடிய குரோனோமீட்டர், அதாவது நேரத் துல்லியத்துக்குச் சான்று பெற்றது. 166 என்று தொடங்கினால் தேதி உண்டு, குரோனோமீட்டர் சான்று இல்லை.

மெஷின் செம்பு கலந்த தங்க நிறத்தில் இருக்க வேண்டும். 168.005-க்கு உரியது 561 என்ற எண்ணுள்ள மெஷின். ஐந்து நிலைகளிலும் வெப்பநிலைக்கும் சரிபார்த்தது என்ற வாசகம் அதில் பொறித்திருக்கும். 562-ம் பார்ப்பதற்கு அதே ஜாடைதான், ஆனால் அது குரோனோமீட்டர் அல்ல. திருகுகளின் தலை சிதைந்திருந்தால் கத்துக்குட்டி கை பட்டிருக்கிறது. துரு இருந்தால் பேரமே வேண்டாம், கடலோர ஊர்களில் இருந்த வாட்ச் என்றால் இதை இரண்டு முறை பாருங்கள். மூடியின் உள்பக்கம் வளைவாக உரசல் தடம் தெரிந்தால், சுழலும் எடைத்தட்டின் அச்சு தேய்ந்து ஆடுகிறது என்று பொருள்.

கையில் கிடைத்ததும் முப்பது சுற்று சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். நாளைக்கு 20 நொடிக்குள் முன்பின் என்றால் எனக்குப் போதும். 561-ல் தேதியைத் தனியாகத் தள்ளும் வசதி கிடையாது, முள்ளைச் சுற்றித்தான் மாற்ற வேண்டும். அதைப் பழுது என்று நினைத்துப் பயப்படாதீர்கள். நள்ளிரவைத் தாண்டும்போது தேதி மாறுகிறதா என்பதுதான் கேள்வி. ரிப்பேர் கடையில் டைம்கிராபர் (வாட்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) இருந்தால், அதில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை இந்த மெஷினுக்கு உரிய 49 டிகிரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுச் சாவியில் ஆம்பிளிட்யூட், அதாவது உள்ளே ஆடும் சக்கரத்தின் வீச்சு, 250 டிகிரிக்கு மேல் என்றால் நல்லது, 200-க்குக் கீழே என்றால் சர்வீஸ் கட்டாயம்.

படி 7: கணக்கு

விற்பவர் கேட்கும் விலையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே மாடல், அதே தரம், உண்மையில் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று ஈபேயிலும் ஏல முடிவுகளிலும் பாருங்கள். அதிலிருந்து ஒரு முழு சர்வீஸ் செலவைக் கழியுங்கள். "சர்வீஸ் பண்ணியாச்சு" என்பார்கள். பில் இருந்தால் மட்டும் நம்புங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் ஜிஎஸ்டியும் சேரும், அவற்றையும் கழியுங்கள். மீதி வரும் தொகைதான் உங்கள் உச்சவரம்பு. பேசும்போது ஆசை ஏறும், அதனால் அந்த எண்ணை முன்னாலேயே ஒரு தாளில் எழுதிவிடுங்கள். திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதையும், "டயல் அசல்" என்பதையும் பில்லிலோ மெசேஜிலோ எழுத்தில் வாங்குங்கள்.

என் அத்தை மகன் விஷயம்? மூன்று நாள் இழுத்தடித்துவிட்டு அந்த ஆள் பின்பக்கப் படம் அனுப்பினார். ஆய்வுக்கூடம் இருக்க வேண்டிய இடத்தில் கடல்குதிரை. சீமாஸ்டரின் கேஸில் கான்ஸ்டலேஷன் டயலை மாட்டியிருக்கிறார்கள். "குதிரை அழகாத்தான் இருக்கு மச்சான், 50,000-க்குக் கேட்டுப் பாக்கவா?" என்கிறான்.