பரோயே தீவுகளின் ‘காபெல் காலத்தை’ ஆராய்வது எப்படி?

வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளை டென்மார்க் அரசர் மூன்றாம் ஃபிரடெரிக் 1655-இல் தம் நம்பிக்கைக்குரிய கிறிஸ்டோஃபர் காபெலிடம் ஒப்படைத்தார். 1673-இல் அவர் இறந்தபின் மகன் ஃபிரடெரிக் காபெல் அந்த உரிமையைத் தொடர்ந்தார். தீவு மக்களின் நினைவில் ஆழமாகப் பதிந்துபோன அந்தக் கசப்பான காலத்தை ஆராய விரும்புபவர், காபெல் எப்படிப்பட்டவர் என்ற கேள்வியை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். அவர் கையில் எவையெல்லாம் இருந்தன என்று கேட்பதே சரியான தொடக்கம்.

அவற்றைப் பட்டியலிட்டுப் பாருங்கள். வரியும் வணிகமும் ஒரே கைக்குப் போயின. கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்துக்குப் பின் திருச்சபையிடமிருந்து அரசுடைமையான நிலம் தீவுகளில் ஏறத்தாழப் பாதி; அதன் குத்தகையும் அவருடைய அதிகார எல்லைக்குள் வந்தது. கோபன்ஹேகனில் இருந்தபடியே அவர் காரியஸ்தர்களை வைத்து ஆண்டார் என்பதால், வரி கேட்டவரும் சரக்கு விற்றவரும் ஒரே எசமானின் ஆட்களாகவே இருந்தனர்.

அடுத்து, சரக்குகளைப் பின்தொடருங்கள். இதற்கே அதிக நேரம் செலவிடுமாறு வலியுறுத்துவேன். தீவுகளில் விளைந்த பார்லி போதாது, மரமும் இல்லை. தானியமும் மரமும் வெளியிலிருந்தே வர, அவற்றுக்கு ஈடாக மக்கள் கையால் பின்னிய கம்பளிக் காலுறைகளையும் வெண்ணெய், கொழுப்பு, மீன் போன்றவற்றையும் கொடுத்தனர். வேறொரு வணிகரிடம் போக வழியில்லாததால், தீவுகளின் தலைநகரான டோர்ஸ்ஹாவ்னில் இருந்த ஒரே கிடங்கு சொன்ன விலையே விலை. ஆகவே, கிடைக்கும் விலைக் குறிப்புகளில் காலுறையின் விலையையும் பார்லியின் விலையையும் ஆண்டுவாரியாக அருகருகே எழுதி, ஒரு குடும்பம் தன் உணவுக்காக எத்தனை சோடி பின்ன வேண்டியிருந்தது என்று கணக்கிடுங்கள். சுரண்டலின் அளவை வசைச்சொற்கள் அல்ல, அந்தக் கணக்கே காட்டும்.

சான்றுகளைத் தேடும்போது, 1673-இல் டோர்ஸ்ஹாவ்னின் டிங்கனேஸ் முனையில் பரவிய தீயில் பழைய ஆவணங்கள் பல அழிந்ததை மறக்கலாகாது. எனவே கோபன்ஹேகனுக்கு அனுப்பப்பட்ட மனுக்களும் முறையீடுகளும் கூடுதல் மதிப்புப் பெறுகின்றன. பாதிரியார் லூகாஸ் டெபெஸ் அதே ஆண்டு வெளியிட்ட தீவு வருணனை நூலையும் படியுங்கள். அவர் அந்த மக்களிடையே வாழ்ந்தவர்.

எல்லாத் துன்பத்தையும் காபெலின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. 1677-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் டோர்ஸ்ஹாவ்னைக் கொள்ளையிட்டது தனி நிகழ்வு. வணிகத் தனியுரிமையும் அவருக்கு முன்பே இருந்தது. 1709-இல் அரசு அதைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டபின் 1856 வரை நீடித்தது. 1709-க்கு முந்தைய விலைகளைப் பிந்தையவற்றோடு ஒப்பிட்டால்தான், முறையால் வந்த துன்பம் எவ்வளவு, காபெல்களின் பேராசையால் வந்தது எவ்வளவு என்று பிரித்தறிய முடியும்.